கார் பைத்தியம்னா கார் கம்பெனியிலதான் வேலை பாக்கணுமா?

நம்ம சேனலுக்கு ஒரு கேள்வி மாசம் தவறாம வரும். "ஐடியில இருக்கேன், கைக்கு 60,000 வருது. ஆனா சின்ன வயசுல இருந்தே கார்னா உயிர். வேலையை விட்டுட்டு ஆட்டோமொபைல் பக்கம் போயிடவா?" இதையே கொஞ்சம் மாத்தி இன்னொருத்தர் கேப்பார்: "வேலையை விட முடியாது, அதனால ஆசைக்கு ஒரு நல்ல காரையாவது லோன்ல எடுத்துடவா?"

ரெண்டு பேருக்கும் நான் முதல்ல சொல்றது ஒண்ணுதான். ஞாயித்துக்கிழமை விடிகாலை ஈசிஆர் பக்கம் போய்ப் பாருங்க. ரசிச்சு ரசிச்சு வெச்சிருக்கற காரோட நிக்கறவங்ககிட்ட என்ன வேலை பாக்கறீங்கன்னு கேளுங்க. சாஃப்ட்வேர், பேங்க், டாக்டர், சொந்தமா ஜவுளிக்கடை... இப்படித்தான் பதில் வரும். காரைத் தயாரிக்கற ஆள் அந்த நேரத்துல ஒரகடத்துல இருந்து நைட் ஷிஃப்ட் முடிஞ்சு கம்பெனி பஸ்ல தூங்கிட்டு வந்துட்டு இருப்பார். அவர் வேலை மட்டம்னு சொல்ல வரல. கார் மேல இருக்கற ஆசையும் கார் தொழிலும் வேற வேற விஷயம்னுதான் சொல்றேன்.

ஜி.டி. நாயுடு கதை உங்களுக்குத் தெரிஞ்சிருக்கலாம். பள்ளிக்கூடத்தை சின்ன வயசுலயே விட்டவர். ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிட்டு வந்த மோட்டார் சைக்கிளைப் பாத்து அசந்து போனார். உடனே யார்கிட்டயும் கடன் கேக்கல. கோயம்புத்தூருக்கு வந்து ஹோட்டல்ல சர்வர் வேலை பாத்து, காசு சேத்து, அந்த வண்டியை வாங்கினார். வாங்கினதும் ஊரைச் சுத்தாம, பிரிச்சுப் போட்டுத் திரும்ப மாட்டினார். 1920ல பொள்ளாச்சி - பழனி ரூட்ல பஸ் விட்டார். அப்புறம் நடந்ததெல்லாம் ஊருக்கே தெரியும். எனக்கு இதுல பிடிச்சது அந்த சர்வர் வேலைதான். வண்டிக்கும் அந்த வேலைக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல, ஆனா வண்டி வந்தது அதுலதான். அஜித்தும் சினிமாவுல சம்பாதிச்சுத்தானே ரேஸ் ஓட்டறார்? 2025 ஜனவரியில துபாய் 24 மணி நேரப் பந்தயத்துல அவர் டீம் தன்னோட பிரிவுல மூணாவது வந்தது. அதுக்குப் பின்னால எத்தனை வருஷ சினிமா சம்பளம் இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சரி, அப்போ யாருமே அந்தத் தொழிலுக்குப் போகக் கூடாதா? போகலாம். உங்களுக்குக் கார்ல எது பிடிக்கும்னு முதல்ல பிரிச்சுக்கோங்க. ஓட்டத்தான் பிடிக்கும்னா, கார் கம்பெனி வேலையில அது பெரும்பாலும் கிடைக்காது. டெஸ்ட் டிரைவர் மாதிரி இடங்கள் ரொம்பக் கம்மி. மத்தவங்க ஒரே பாகத்தோட வருஷக்கணக்கா உக்காந்திருப்பாங்க. கதவு ரப்பர் வழியா தண்ணி உள்ள போகுதான்னு பாக்கறதே சிலருக்கு முழுநேர வேலை. அதைக் கேட்டு "அட, எப்படி பாப்பாங்க?"ன்னு உங்களுக்குத் தோணினா, நீங்க அங்க போக வேண்டிய ஆள்தான். கொட்டாவி வந்தா உங்க ஆசை ஸ்டியரிங்கோட நிக்குது. அதுல தப்பே இல்ல.

படிப்பு பத்தியும் கேக்கறாங்க, முக்கியமா தம்பி தங்கச்சிக்காக. குரோம்பேட்டை எம்ஐடி மாதிரி இடத்துல ஆட்டோமொபைல் இன்ஜினியரிங் கிடைச்சா தாராளமா சேரலாம். மத்தபடி மெக்கானிக்கலோ எலக்ட்ரானிக்ஸோ எடுக்கறது நல்லதுன்னு நான் சொல்வேன். கார் தொழில் படுத்தாலும் வேற பக்கம் போக வழி இருக்கும். பாடத்தை விட முக்கியமா நான் நினைக்கறது, அந்த காலேஜ்ல பாஹா, ஃபார்முலா பாரத் மாதிரி போட்டிகளுக்கு வண்டி செய்யற டீம் இருக்காங்கறது. ராத்திரி ரெண்டு மணிக்கு வெல்டிங் விட்டுப்போய் திரும்ப வெச்ச பையன், இன்டர்வியூல கேக்கற கேள்விக்கு மனப்பாடம் பண்ணி பதில் சொல்ல வேண்டியதில்ல.

ஏற்கனவே சம்பளத்துல இருக்கறவங்களுக்கு வழி வேற. இன்னிக்குக் கார்ல பாதி சாஃப்ட்வேர்தான். மகிந்திரா வேர்ல்டு சிட்டியில ரெனோ நிசான் டெக் சென்டர், கோயம்புத்தூர்ல பாஷ் மாதிரி இடங்கள்ல கோடு எழுதறவங்களுக்கு வேலை இருக்கு. ஆனா ஜாவா தெரியும்னா நேரா உள்ள விட மாட்டாங்க. எம்பெடட் சி, கேன் பஸ், ஆட்டோசார்னு தனியா கத்துக்கணும். அதுக்கு வேலையை விட வேண்டாம். ஆயிரம் ரூபா பக்கம் ஒரு ஓபிடி ஸ்கேனர் வாங்கி உங்க வீட்டுக் கார்லயே மாட்டி, வர்ற டேட்டாவைப் படிக்க ஆரம்பிங்க. ஆறு மாசம் கழிச்சும் ஆர்வம் இருந்தா பேசலாம்.

யாரும் அதிகம் பேசாத ஒரு வேலையும் இருக்கு: மோட்டார் இன்சூரன்ஸ் சர்வேயர். இன்ஜினியரிங் டிகிரியோ டிப்ளமோவோ இருந்தா, பயிற்சி, தேர்வு முடிச்சு ஐஆர்டிஏஐ லைசென்ஸ் வாங்கலாம். தினமும் விதவிதமான வண்டியைப் பாக்கலாம். என்ன, எல்லாம் அடிபட்ட வண்டியா இருக்கும்!

இப்போ காசு விஷயத்துக்கு வர்றேன். 2021 செப்டம்பர்ல ஃபோர்டு இந்தியாவுல கார் தயாரிப்பை நிறுத்தறோம்னு அறிவிச்சது. மறைமலை நகர் பிளான்ட்ல 2022ல கடைசி வண்டி வெளிய வந்தது. அதே ஃபோர்டோட சோழிங்கநல்லூர் ஆபீஸ் தொடர்ந்து நடந்தது. ஒரே பேர், ஒரே ஊர். ஆனா அசெம்பிளி லைன்ல நின்னவருக்கும் லேப்டாப் முன்னாடி உக்காந்தவருக்கும் வேற வேற விதி. இதுல பாருங்க, கார் தொழில்ல இருக்கற கார் பிரியருக்கு ஒரு கூடுதல் ஆபத்து இருக்கு. சம்பளம் அங்க, இஎம்ஐ காருக்கு, "எனக்கு இந்தத் துறை நல்லா தெரியும்"னு வாங்கின ஷேரும் ஆட்டோ கம்பெனியோடது. சரிஞ்சா மூணும் ஒண்ணா சரியும். அந்த ஷேரையாவது வேற பக்கம் மாத்துங்கன்னு நான் சண்டை போட்டே சொல்வேன்.

ஐடியில இருந்துகிட்டே கார் எடுக்கறவங்க கணக்கு இது. 10 லட்சம் லோன், 9 சதவீதம், 7 வருஷம்னா இஎம்ஐ சுமார் 16,100. மொத்தமா கட்டறது 13.5 லட்சம். வண்டியோட மதிப்பு எப்படி இறங்கும்? இன்சூரன்ஸ் ஐடிவி கணக்குல ரெண்டாவது வருஷம் முடியும்போது 20 சதவீதம், அஞ்சாவது வருஷம் முடியும்போது 50 சதவீதம் கழிச்சிடுவாங்க. அதாவது முதல் ஓனர் அந்த அடியைத் தாங்கட்டும், நீங்க மூணு நாலு வருஷம் ஓடின வண்டியை வாங்குங்க. ரசிகருக்கு இது வசதியும்கூட, ஏன்னா நல்லா ஓட்டத் தோணற பழைய மாடல் பலதும் இப்போ ஷோரூம்லயே இல்ல.

வாங்கின கையோட பெரிய வீல், சத்தமான எக்ஸாஸ்ட்னு இறங்காதீங்க. கம்பெனி ஸ்பெசிஃபிகேஷனை மாத்தக் கூடாதுன்னு 2019லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. அபராதத்தை விடுங்க, விபத்து நடந்து கிளைம் பண்ணும்போது அதைக் காட்டியே இழுத்தடிக்க வாய்ப்பு இருக்கு. வேகமா ஓட்டணும்னு இருந்தா இருங்காட்டுக்கோட்டை டிராக், இல்ல செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே. ரோடு வேண்டாம்.

இன்னும் முடிவு பண்ண முடியலையா? அடுத்த மாசம் ஒரு ஆர்டி ஆரம்பிங்க. இஎம்ஐக்கு 16,000, பெட்ரோல், இன்சூரன்ஸ், சர்வீஸ், பார்க்கிங்னு ஒரு 8,000, மொத்தம் 24,000. கார் வந்துட்ட மாதிரியே நெனச்சு ஆறு மாசம் கட்டுங்க. நடுவுல தீபாவளிக்கோ தங்கச்சி கல்யாணத்துக்கோ அதை உடைக்க வேண்டி வந்தா, கார் இப்போதைக்கு வேண்டாம். உடைக்காம முடிச்சிட்டா கையில 1,44,000 ரூபாயும் கொஞ்சம் வட்டியும் இருக்கும். அதை டவுன் பேமென்ட்டா வெச்சுக்கிட்டு வண்டி பாக்கப் போங்க.