வீட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர்

பிளஸ் டூ முடிவு வந்ததும் கம்மாபுரம் வட்டாரத்து இ-சேவை மையங்களில் கூட்டம் நிற்கும். வருமானச் சான்று, இருப்பிடச் சான்று, சாதிச் சான்று. அந்தக் கூட்டத்தில் நம் தெருத் தாய்மார் சிலர் மட்டும் குரலைத் தாழ்த்திப் பேசுவார்கள். பிள்ளைக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளியில் ஒரு பெயர். திருமுழுக்கில் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது பாட்டி ஒருத்திதான். மதம் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கணினி முன்னால் இருக்கிற தம்பி கேட்டால், "இந்துன்னே போடுப்பா" என்பார் அந்த அம்மா. கழுத்துச் சிலுவை அதற்கு முன்பே முந்தானைக்குள் போயிருக்கும்.

அந்த அம்மாவைக் குறை சொல்ல நமக்கு மனம் வரவில்லை. பொய் சொல்லும் நிலைக்கு அவரைத் தள்ளியது யார் என்றுதான் கேட்கிறோம்.

நம் பகுதியில் இந்த விசுவாசம் நேற்று வந்ததல்ல. விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் கோணான்குப்பம் இருக்கிறது. தேம்பாவணி பாடிய வீரமாமுனிவர் பெரியநாயகி மாதாவுக்குக் கோவில் எடுத்த ஊர். அவர் மறைந்தது 1747-இல். அன்றிலிருந்து எத்தனை தலைமுறை என்று எண்ணிக்கொள்ளுங்கள். நம் பாட்டிமார் பலருக்கு எழுத்துத் தெரியாது. பிரியதத்த மந்திரத்தைக் காதால் கேட்டு, நடவு வயலிலும் களையெடுப்பிலும் வாய்க்குள் சொல்லி, மடியில் கிடந்த பேரனுக்குக் கொடுத்துவிட்டுப் போனார்கள். நிலம் கொடுக்க அவர்களுக்கு வழியில்லை. இருந்ததைக் கொடுத்தார்கள்.

அதோடு சாதியும் சேர்ந்தே வந்தது. அதை யாரும் கொடுக்க வேண்டியதில்லை, ஊரே கொடுத்துவிடும். மாதாவைக் கும்பிடுகிறவன் என்று எந்த டீக்கடையும் நமக்குத் தனி மரியாதை காட்டியதில்லை.

ஆனால் சட்டம் வேறு சொல்கிறது. 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் இசுலாமியரும் இன்றுவரை வெளியேதான் நிற்கிறார்கள். தமிழ்நாட்டில் நம்மைப் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வைத்திருக்கிறார்கள். தனித்தொகுதியில் நிற்க முடியாது. அடித்தாலும் சாதி சொல்லித் திட்டினாலும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நமக்குப் பொருந்தாது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கல்வி உதவித்தொகை கொடுக்கும்போது மட்டும் மாநில அரசு நம்மைக் 'கிறித்துவ மதம் மாறிய ஆதிதிராவிடர்' என்று அடையாளம் கண்டுகொள்கிறது.

இரண்டு தீர்ப்புகளை மாணவர்கள் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். 2015-இல் கேரளத்து வழக்கு ஒன்று. தாத்தா காலத்தில் கிறிஸ்தவரான குடும்பம். பேரன் இந்துவாகத் திரும்பினார். சமூகம் ஏற்றுக்கொண்டதால் அவருக்குப் பட்டியல் சாதித் தகுதி உண்டு என்றது உச்ச நீதிமன்றம். இரண்டு தலைமுறை ஞாயிறு பூசைக்குப் போனபோதும் சாதி எங்கும் போகாமல் அவர்களுக்காகக் காத்திருந்தது என்றுதானே இதற்குப் பொருள்? அடுத்தது நமக்குப் பக்கத்தில், புதுச்சேரியில். குழந்தையாக இருந்தபோது திருமுழுக்குப் பெற்ற ஒரு பெண், அரசு எழுத்தர் வேலைக்குப் பட்டியல் சாதிச் சான்று கேட்டார். தான் இந்து என்றார். நீதிமன்றம் ஏற்கவில்லை. 2024 நவம்பர் 26-இல், அரசியல் சாசன நாளன்று வந்த அந்தத் தீர்ப்பு, உண்மையான நம்பிக்கை இல்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மதத்தைச் சொல்வது சாசனத்தின் மீதான மோசடி என்றது. கைக்குழந்தை தலையில் ஊற்றிய தண்ணீர், வேலை கேட்கும் வயதில் அவருக்கு எதிரான சான்றாகிவிட்டது. திரும்பி வந்தவனிடம் சாதி இருக்கிறது, நம்பிக்கையோடு நிற்பவளிடம் இல்லை என்றால், இது எந்தக் கணக்கு?

சட்டத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போனால் நாம் நேர்மையாக எழுதியவர்கள் ஆகமாட்டோம். சாதி மதம் மாறாது என்பதற்கு முதல் சாட்சி திருச்சபையேதான். 2008 மார்ச்சில் உளுந்தூர்பேட்டைப் பக்கம் எறையூரில் தலித் கிறிஸ்தவர்கள் தனிப் பங்கு கேட்டார்கள். அவர்கள் வீடுகள் தாக்கப்பட்டன. போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போயிற்று. அடித்தவனும் அடிபட்டவனும் ஒரே செபமாலையை உருட்டுகிறவர்கள். இன்றும் எத்தனை ஊரில் கல்லறை இரண்டாகக் கிடக்கிறது! டெல்லிக்கு மனு எழுதும் ஆயர்கள், அந்த மனுவோடு தங்கள் கல்லறைச் சுவர்களின் பட்டியலையும் இணைத்து அனுப்பலாம். அதைவிட நல்ல ஆதாரம் கிடைக்காது. சுவரை இடித்துவிட்டு அனுப்பினால் இன்னும் நல்லது.

நம் மண்ணின் எழுத்து இதை முன்பே பதிந்திருக்கிறது. விருத்தாசலத்தில் வாழும் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' நாவலின் ஆரோக்கியம், மாதாவை நம்பும் புதிரை வண்ணார் பெண். அவள் பெயரிலேயே மதம் இருக்கிறது. அவள் வாழ்க்கை முழுவதையும் சாதிதான் நடத்துகிறது.

2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம், மூன்றாம் பத்தியை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரல் 19-இல் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. 2022 அக்டோபரில் கே.ஜி.பாலகிருஷ்ணன் ஆணையத்தை அமைத்தபோது இரண்டு ஆண்டு என்றார்கள். பிறகு தவணை நீட்டித்தார்கள். நாம் கேட்பது புதிய சலுகை அல்ல. அந்த ஒரு பத்தி போக வேண்டும். அதுவரை நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்கள் ஓட்டுக் கேட்டு வரும்போதெல்லாம் இதை அவர்களிடம் கேட்டுக்கொண்டே இருப்போம்.

பொய்ச்சாட்சி கூடாது என்று ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் மனப்பாடம் செய்த பெண், திங்கள்கிழமை அம்மாவோடு இ-சேவை மைய வரிசையில் நிற்கிறாள். "பாட்டி கேட்டா என்னம்மா சொல்றது?" என்று அவள் கேட்கிறாள். அம்மா பதில் சொல்லவில்லை. வரிசை நகர்கிறது.