முன்பணம் கட்டிப்போடும், தங்கவைக்காது

பள்ளிபாளையம், குமாரபாளையம், சோமனூர், திருப்பூர் என்று கொங்குப் பகுதியின் எந்தத் தொழில் ஊருக்குப் போனாலும் சிறு முதலாளிகள் சொல்லும் முதல் குறை இதுதான்: "ஆளே கிடைக்கிறதில்லீங்க, வந்தாலும் நிக்கிறதில்லீங்க." முதல் பாதியில் உண்மை இருக்கிறது. தறி ஓட்டியவர்களின் பிள்ளைகள் படித்து வேறு வேலைகளுக்குப் போய்விட்டார்கள். ஒடிஷாவிலிருந்தும் பிகாரிலிருந்தும் வருகிறவர்களை நம்பித்தான் பல பட்டறைகள் ஓடுகின்றன. ஆனால், வந்தவர் ஏன் நிற்பதில்லை என்ற கேள்விக்கான விடையைப் பட்டறைக்குள்தான் தேட வேண்டும்.

கடனோடு கைமாறும் ஆள்

விசைத்தறித் தொழிலில் ஆளை நிறுத்திவைக்கப் பல காலமாகக் கையாளப்படும் வழி முன்பணம். வேலைக்குச் சேரும்போது ஒரு தொகை. பிறகு பிரசவம், காதுகுத்து, ஆஸ்பத்திரிச் செலவு என்று அது ஏறிக்கொண்டே போகும். கடன் தீரும்வரை வேறு தறிக்குப் போகக் கூடாது என்பது எழுதப்படாத ஒப்பந்தம். போக வேண்டுமென்றால், புதிய முதலாளி பழைய கடனை அடைக்க வேண்டும். கடனோடு சேர்ந்து ஆளும் கைமாறுகிறார்.

இதில் முதலாளிக்கும் லாபமில்லை. ஒருவர் கொடுத்ததைவிடக் கூடுதலாகக் கொடுக்க இன்னொருவர் தயாராக இருக்கும்போது, ஆளைத் தக்கவைக்கக் கொடுத்த பணமே ஆளை இழுக்கும் தூண்டிலாகிவிடுகிறது. முதலீட்டுக்கு வேண்டிய பணம் முன்பணமாக முடங்குகிறது. தொழிலாளி சொல்லாமல் போய்விட்டால் அந்தப் பணமும் இல்லை. கடனைக் காட்டி ஒருவரின் வேலை தேடும் உரிமையைப் பறிப்பது, 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம். தொழிலுக்கு உதவாத, சட்டத்துக்கும் பொருந்தாத ஒரு வழக்கத்தை இன்னும் சுமந்துகொண்டிருக்கிறோம்.

தேவை எங்கே இருக்கிறது?

தொழிலாளி ஏன் முன்பணம் கேட்கிறார்? திடீரென்று வரும் செலவுக்கு அவருக்கு வேறு போக்கிடமில்லை. அந்தச் செலவுக்கு வழிசெய்தால் முன்பணத்தின் தேவை பெருமளவு குறையும். வழி ஏற்கெனவே இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலைசெய்யும் இடத்தில், மாதம் ரூ.21,000 வரை சம்பளம் வாங்குபவருக்கு இஎஸ்ஐ காப்பீடு உண்டு. ரூ.15,000 சம்பளத்துக்கு முதலாளி கட்ட வேண்டியது 3.25 சதவீதம், அதாவது ரூ.487.50. தொழிலாளியிடம் பிடிப்பது ரூ.112.50. இதற்குக் குடும்பத்துக்கே மருத்துவ வசதி கிடைக்கிறது; நோயுற்ற நாட்களுக்குச் சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கிறது. வருங்கால வைப்பு நிதியிலிருந்து (பிஎஃப்) மருத்துவச் செலவுக்குப் பணம் எடுக்கவும் இடமுண்டு. அது தொழிலாளியின் சொந்தப் பணம்; யாருக்கும் அவர் கடன்பட வேண்டியதில்லை.

ஆனால், இஎஸ்ஐக்குப் பயந்து ஒன்பது பேர், பிஎஃப்புக்குப் பயந்து பத்தொன்பது பேர் என்று கணக்குக் காட்டும் பழக்கம் பரவலாக இருக்கிறது. "கைக்கு வர்ற காசு குறையுமே" என்று தொழிலாளிகளே மறுப்பதும் உண்டு. அவர்களை உட்காரவைத்துக் கணக்கைச் சொல்லிப் புரியவைப்பது முதலாளியின் கடமை. பத்துப் பேர்கூட இல்லாத பட்டறைகள், தங்கள் ஆட்களை அரசின் அமைப்புசாராத் தொழிலாளர் நல வாரியங்களில் பதிவுசெய்ய உதவலாம்.

சேர்க்கும்போதே தொடங்குவது

தங்கவைப்பது வேலைக்குச் சேர்க்கும் நாளிலேயே தொடங்குகிறது. பீஸ் ரேட்டா, ஷிப்ட் கணக்கா, ஓவர்டைமுக்கு எவ்வளவு, சம்பளம் எந்தக் கிழமை, விடுப்பு எத்தனை நாள் என்பதையெல்லாம் ஒரு தாளில், அவருக்குத் தெரிந்த மொழியில் எழுதிக் கொடுத்தால் பிற்பாடு வரும் சண்டைகளில் பல வராமலே போகும்.

பனியன் கம்பெனிகளில் ஆட்கள் விலகுவதற்குக் கூலி குறைவு மட்டுமே காரணமல்ல. ஆர்டர் இல்லாத வாரம் பீஸ் ரேட் தொழிலாளிக்கு வருமானமில்லாத வாரம். அடுத்த மாதம் என்ன வேலை இருக்கிறது என்று முன்கூட்டியே சொல்லும் முதலாளியை அவர் நம்புவார். ஓவர்லாக் தைப்பவருக்கு பிளாட்லாக் கற்றுக்கொடுத்தால், ஒரு வேலை இல்லாத நாளில் இன்னொன்று இருக்கும். வருடக்கணக்காகக் கைமடி என்னும் உதவியாளர் வேலையிலேயே இருக்கும் பெண்ணை மெஷினில் உட்காரவைத்துப் பழக்கினால், அந்தக் கம்பெனிக்கு ஒரு டெய்லர் கிடைப்பார். ஊர்விட்டு வந்தவரை 'இந்திக்காரன்' என்று விளிக்காமல் பெயர் சொல்லி அழைப்பதற்குச் செலவே இல்லை.

முதலாளிக்கு வர வேண்டிய பணம்

சிறு முதலாளியின் நெருக்கடியையும் பேசாமல் இருக்க முடியாது. கூலியை வாரா வாரம் கொடுத்தாக வேண்டும். பெரிய நிறுவனத்திலிருந்து பில் பணம் வர மாதங்கள் ஆகின்றன. குறு, சிறு நிறுவனங்களுக்கான தொகையை அதிகபட்சம் 45 நாட்களுக்குள் கொடுக்க வேண்டும் என்கிறது 2006ஆம் ஆண்டுச் சட்டம். தாமதித்து, அந்த ஆண்டுக்குள்ளும் கொடுக்காவிட்டால், வாங்கிய நிறுவனம் அந்தத் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது என்று வருமான வரிச் சட்டத்திலும் 2023இல் திருத்தம் வந்தது. ஆனாலும், அடுத்த ஆர்டர் போய்விடுமே என்று தனி முதலாளி புகார் கொடுக்கத் தயங்குகிறார். இங்கேதான் முதலாளிகள் சங்கங்கள் முன்னால் வர வேண்டும். பில் பாக்கியைச் சங்கமாகக் கேட்க வேண்டும். கூடுதல் முன்பணம் காட்டி ஒருவர் ஆளை இன்னொருவர் இழுப்பதில்லை என்றும் கூடி முடிவெடுக்க வேண்டும்.

ஏற்கெனவே கொடுத்த முன்பணத்தை ஒரே நாளில் ஒழிக்க முடியாது. அதற்குக் கணக்குப் புத்தகம் போட்டு, அதைத் தொழிலாளி கையில் கொடுத்து, தாங்கக்கூடிய சிறு தொகையாகப் பிடிக்கலாம். கடன் மிச்சமிருந்தாலும் வேறு வேலைக்குப் போக உரிமை உண்டு என்பதையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். அதன் பிறகும் தொடர்ந்து வேலைக்கு வருகிறவர்தான் அந்தத் தொழிலின் உண்மையான பலம். அப்படிப்பட்டவர்களைச் சேர்க்காமல் எந்தச் சிறுதொழிலும் அடுத்த தலைமுறைக்குப் போகாது.