கடைசியில் ஒரு 'எஸ்'

புதுச்சேரிக்காரரான என் நண்பரின் குடும்பப் பெயர் பிரெஞ்சுப் பெயர். போன மாதம் கவலையோடு வந்தார். பேரனின் பிரெஞ்சுக் குடியுரிமை விண்ணப்பம் திரும்பி வந்துவிட்டதாம். கொள்ளுத்தாத்தாவின் பெயர் ஒரு தாளில் கடைசி 'எஸ்'ஸோடும் இன்னொன்றில் அது இல்லாமலும் இருந்ததாம்.

"எங்கள் வீட்டில் 'எஸ்' சொல்வதே இல்லையே சார்" என்றார்.

எப்படிச் சொல்வார்கள்? பிரெஞ்சில் கடைசி 'எஸ்' பெரும்பாலும் ஒலிக்காது. ஆகவே காதை நம்பக் கூடாது. பதிவேட்டைத்தான் நம்ப வேண்டும் என்பது என் கட்சி.

1881 செப்டம்பர் 21 ஆணையின்படி, தனிச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தை ஏற்ற நம் ஊரார் குடும்பப் பெயர் ஒன்றையும் சூட்டிப் பதிந்தார்கள். அந்தப் பதிவுதான் வேர். அதையும் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவுகளையும் வரிசையாக வைத்துப் பார்க்க வேண்டும். திருமணப் பதிவில் மணமக்களின் கையெழுத்தையும் பாருங்கள். எழுத்தர் விட்டதை அவர்கள் விட்டிருக்க மாட்டார்கள்.

நண்பர் தேடினார். 'எஸ்' இருந்தது. தொலைத்தது அவருடைய அப்பாவாம்!

பெரியவர்களே, நாம் இருக்கும்போதே பெயரைச் சரிபார்த்து, நகலைப் பேரப்பிள்ளைகளிடம் கொடுத்துவிடுவோம்.