ஒரு ஜன்னலைக் கேளும்

புசா ரோட்டு அன்பர் ஒருவர் தம் கம்பெனியின் இயக்குநர் சபைமுன் கணினித் திட்டமொன்றை வைக்கவிருக்கிறார். சபையோ தயங்குகிறதாம். நாம் ரயில்வே குமாஸ்தா. நமக்குத் தெரிந்த உதாரணத்தையே கூறினோம். முன்பெல்லாம் வண்டிக்கொரு ஜன்னல், தடித்த பதிவேடு; ஊர் செல்ல விரும்பிய நம்மவர் வரிசை மாறி நின்றால் அன்றைய பொழுதே பாழ். 1985-இல் கணினி முன்பதிவு புதுடில்லியில் மட்டும் சோதனையாகத் தொடங்கிற்று. ஒரே ஜன்னலில் பல வண்டிகளுக்கும் சீட்டு! இதர பெருநகரங்களுக்குச் சென்றது பின்னரே. டில்லி, பம்பாய், கல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஐந்தும் ஒன்றாக இணைந்தது 1999-இல். ஆகவே முழுக் கம்பெனியையும் கேட்காதீர், ஒரு ஜன்னலைக் கேளும் என்றோம். இயந்திரம் நின்றால் என்ன செய்வது, இருக்கும் குமாஸ்தாக்களின் கதி என்ன என்பவற்றை முதற் பக்கத்திலேயே எழுதும். சபையோர் வாய்விட்டுக் கேளாத ஐயங்கள் இவையே. (வண்ணப்படம் நிறைந்த அறிக்கை நமக்கும் தூக்கமே தரும்.) அன்பர் நாற்பது பக்கத்தை ஆறாகச் சுருக்கிவிட்டார். கூட்டம் வியாழனன்று.