பையின் அடியில் ஒரு போன்



போன செவ்வாய்க்கிழமை கொழும்பு கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் நவநாள் பூசை முடிந்து வெளியே வந்தேன். கூட்டத்துக்குள் ஒரு தாய் என் கையைப் பிடித்து நிறுத்தினார். நம் இதழை நெடுநாளாக வாசிப்பவர். மகன் தரம் பத்தில் படிக்கிறான். பாடசாலையில் பை சோதித்தபோது சாப்பாட்டுப் பெட்டிக்குக் கீழே கிடந்த போனை எடுத்துவிட்டார்களாம். தவணை முடிந்த பிறகுதான் தருவார்களாம். "அவனில பிழையில்ல. நான்தான் வச்சு அனுப்பினேன்" என்றார்.

ஏன் வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. நாங்கள் நின்ற இடம் அப்படிப்பட்டது.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு காலை. அந்தக் கோயிலுக்குள் குண்டு வெடித்த செய்தி பரவியதும் கொச்சிக்கடையிலும் ஜம்பட்டா வீதியிலும் ஜிந்துப்பிட்டியிலும் எல்லோரும் போனைக் காதில் வைத்தபடி தெருவில் நின்றோம். மணி அடிக்கிறது, அடிக்கிறது, யாரும் எடுக்கவில்லை. அந்தச் சில நிமிடங்களை அனுபவித்தவர்களுக்கு வேறு விளக்கம் வேண்டாம். அன்றே பேஸ்புக்கும் வட்ஸ்அப்பும் முடக்கப்பட்டன. மாத முடிவில்தான் திரும்பி வந்தன. இரண்டாம் தவணை தள்ளிப்போய், மே 6ஆம் திகதி தரம் ஆறும் அதற்கு மேலும் படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடசாலை திறந்தது. வாசலில் ஒவ்வொரு பையும் திறந்து பார்க்கப்பட்டது. உள்ளே இருப்பது வெளியே தெரியும் பிளாஸ்டிக் பையோடு போன பிள்ளைகளையும் பார்த்தோம். அந்த நாட்களில் எத்தனையோ தாய்மார் புத்தகங்களுக்கு நடுவே பழைய போன் ஒன்றையும் செருகி அனுப்பினார்கள். அது விளையாட்டுக்கு வைத்த போன் இல்லை. "ஏதாவது நடந்தால் ஒரு கோல் எடு" என்று சொல்லி வைத்தது. பயம் மெல்ல இறங்கியது, போன் மட்டும் பையிலேயே தங்கிவிட்டது.

அடுத்த வருடம் மார்ச் மாதம் கொரோனா வந்து பாடசாலைகளை மூடியது. அப்போது எந்தப் போனைத் தொடாதே என்றோமோ அதே போனைப் பிள்ளையின் கையில் நாங்களே திணித்தோம். ஒரு வீட்டில் ஒரு போன், படிக்கிற பிள்ளைகள் மூன்று பேர். அப்பா வேலைக்குப் போனால் போனும் அவரோடு போய்விடும். இரவு அவர் வந்த பிறகுதான் அன்றைய பாடம். டேட்டாவுக்குக் காசில்லாமல் பாதி வகுப்பில் அறுந்துபோனவர்களும் உண்டு. பதுளைப் பக்கத்து மலைக் கிராமங்களில் பிள்ளைகள் சிக்னல் தேடிக் காட்டுப் பாதையில் மேடேறிப் போய், மரத்தில் இருந்து படித்தார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் பாடசாலைகள் மூடப்பட்டபோது மறுபடியும் அதே கதை.

பிறகு பாடசாலைகள் திறந்தன. ஆனால் வட்ஸ்அப் குறூப் மூடப்படவில்லை. இன்றைக்கும் இரவு ஒன்பது மணிக்கு அதில் செய்தி விழுகிறது: நாளைக்குப் பிரிஸ்டல் போட், பசை கொண்டுவரவும். வீட்டுப் பாடமும் அதில், பரீட்சை நேரசூசியும் அதில், டியூசன் சேரின் குறிப்பும் அதில். போன் பாடசாலைக்குக் கொண்டுவரக் கூடாது என்ற விதியும் சில வேளை அதே குறூப்பில்தான் வருகிறது. இதைப் பிள்ளை எப்படி விளங்கிக்கொள்ளும்?

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். வகுப்புக்குள் போன் வேண்டாம் என்பதுதான் என் நிலைப்பாடும். யுனெஸ்கோ 2023இல் வெளியிட்ட உலகக் கல்வி அறிக்கை, கவனம் ஒருமுறை கலைந்தால் அது மீண்டும் பாடத்தில் ஊன்ற இருபது நிமிடம் வரை ஆகலாம் என்கிறது. எங்கள் பாடவேளை ஏறக்குறைய நாற்பது நிமிடம். மேசைக்குக் கீழே ஒரு தடவை வெளிச்சம் மின்னினால் பாதிப் பாடம் போய்விடும். பிரான்ஸ் 2018இலேயே சட்டம் போட்டுத் தடுத்தது. பின்னர் நெதர்லாந்தும் பிரேசிலும் வகுப்பில் போனுக்குத் தடை கொண்டுவந்தன. இதைவிட என்னை உறுத்துவது கமரா. இடைவேளையில் ஒரு பிள்ளை அழுவதை, விழுவதை, உடுப்பைச் சரிசெய்வதை இன்னொரு பிள்ளை படம் பிடிக்கிறது. மணி அடிக்க முதல் அது பத்துக் குறூப் சுற்றிவிடுகிறது. படத்தில் இருக்கும் பிள்ளை மறுநாள் பாடசாலைக்கு வர மறுக்கும். வீட்டில் காரணம் சொல்லாது. உங்கள் பிள்ளைக்கு அப்படி நேர்ந்தால் தயவுசெய்து முதலில் ஏசாதீர்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபையின் 1929 எண்ணுக்கு எந்த நேரமும் அழைக்கலாம்.

ஆனால் அந்தத் தாயிடம் திரும்ப வருகிறேன். பிடிபட்ட போன் மகனுடையதல்ல, அவருடையது. கணவர் கட்டாரில் வேலை செய்கிறார். இரவில் அவர் முகம் பார்த்துப் பேசுவது அந்தப் போனில்தான். ஒரு தவணை என்பது அந்த வீட்டுக்கு மூன்று மாத மௌனம். தண்டனை பிள்ளைக்கு என்று நினைத்துக் கொடுத்தது குடும்பத்தின் மேல் விழுந்திருக்கிறது. அன்றைக்கே பெற்றோரைக் கூப்பிட்டு, பேசி, கையில் கொடுத்தனுப்புவது அதிபர் ஒருவருக்குக் கஷ்டமான காரியமா? ஒழுங்கைக் காப்பாற்ற இவ்வளவு கடுமை தேவையில்லை என்றே நினைக்கிறேன்.

ஒன்றரை மணிக்குப் பாடசாலை விட்டதும் நேராக டியூசனுக்குப் போய், இருட்டிய பிறகு வீடு வரும் பிள்ளைகள் எங்கள் கொட்டாஞ்சேனையில் ஏராளம். அவர்களிடம் போனே இருக்கக் கூடாது என்று என்னால் சொல்ல முடியாது. சின்ன பட்டன் போன் ஒன்று போதும். காலையில் அலுவலகத்தில் பெயர் எழுதிக் கொடுத்துவிட்டு, போகும்போது வாங்கிக்கொள்ளட்டும். வீட்டுப் பாடத்தைப் பழையபடி கொப்பியில் எழுதவிடுங்கள், ஆசிரியர்களே. கரும்பலகையைப் பார்த்து எழுத இரண்டு நிமிடம்தான் ஆகும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது பாடசாலை அலுவலகத் தொலைபேசி. தாய் எடுக்கும் கோலுக்கு அங்கே ஒருவர் பதில் சொன்னால், "பிள்ளை வகுப்பில் இருக்கிறார் அம்மா" என்று ஒரு குரல் கேட்டால், பையின் அடியில் போனை ஒளிக்க வேண்டிய தேவை பெருமளவு குறையும். பிள்ளையின் மாணவர் குறிப்பேட்டிலோ பாடசாலைக் கடிதத் தலைப்பிலோ அந்த எண் இருக்கும். இந்த வாரம் ஒரு நாள், வேலை நேரத்தில், அதற்கு ஒரு தடவை அழைத்துப் பாருங்கள். யார் எடுத்தார்கள், எத்தனை மணி அடித்த பிறகு எடுத்தார்கள் என்று எனக்கு எழுதுங்கள். வரும் கடிதங்களை அடுத்த இதழில் இதே பக்கத்தில் போடுகிறேன்.

அன்புடன்,
ஆசிரியர்