ஏரி நிரம்பினால் யார் வெளியேற வேண்டும்?

சென்னைக்குக் குடிநீர் தரும் செம்பரம்பாக்கம் ஏரியின் கரை மண்கரை. நீர் அதன்மேல் வழிந்தால் கரையே அரித்துவிடும். மதகைத் திறந்துதான் ஆக வேண்டும். 2015 டிசம்பர் 1 இரவு விநாடிக்கு 29,000 கனஅடி வரை அடையாற்றில் திறந்துவிட்டார்கள். கரையோரக் குடிசைகள் மூழ்கின. பிறகு அங்கிருந்த மக்களை, பெரும்பாலும் தலித்துகளை, 'ஆக்கிரமிப்பாளர்கள்' என்று சொல்லிப் பெரும்பாக்கத்துக்கு அனுப்பினார்கள். அதுவும் சதுப்புநிலத்தையொட்டிய தாழ்வான பகுதிதான்.

அதே அடையாற்றின் மேல் விமான நிலைய ஓடுதளம் நிற்கிறது. அதை அரசு ஆக்கிரமிப்பு என்பதில்லை.

மதகு திறப்பது பொறியியல். திறக்குமுன் யாருக்குச் சொல்வது, வடிந்தபின் யாரை விரட்டுவது என்பது சாதி. நகரத்தைக் கட்டியவர்களை நகரத்துக்கு வெளியே தள்ளுவதை வெள்ளத் தடுப்பு என்று நான் ஏற்கமாட்டேன். அது புதிய சேரி. மறுகுடியமர்வு வேண்டுமென்றால், வேலைக்கும் பள்ளிக்கும் நடந்துபோகும் தூரத்தில் வீடு கொடுங்கள்.