மருத்துவர் கேட்க வேண்டிய முதல் கேள்வி

1860-ஆம் ஆண்டு ஜனவரி மாதம். ஜெர்மனியில் டிரெஸ்டன் நகர மருத்துவமனையில் இளம் பணிப்பெண் ஒருத்தி சேர்க்கப்பட்டாள். கடும் காய்ச்சல், தசைகளில் தாங்க முடியாத வலி. டைபாய்டு என்று கருதினார்கள். அம்மாத இறுதிக்குள் அவள் இறந்துவிட்டாள்.

உடலை ஆராய்ந்த ஃபிரீட்ரிக் ஜெங்கர் என்ற மருத்துவ அறிஞர், தசைகளில் நுண்ணிய இளம்புழுக்களையும் குடலில் வளர்ந்த புழுக்களையும் கண்டார். அவள் வேலை செய்த இடத்தில் விசாரித்தார். டிசம்பரில் அங்கே பன்றி அறுத்திருந்தார்கள். அந்த இறைச்சியை உண்ட வேறு சிலரும் நோயுற்றிருந்தனர். மிஞ்சிய இறைச்சியிலும் அதே புழுக்கள்! டிரைக்கினோசிஸ் என்னும் நோய் பரவும் வழி இவ்வாறு வெளிப்பட்டது.

இன்று நம்மிடம் பல சோதனைகள் உள்ளன. ஆகவே நோயாளியிடம் விரிவாகக் கேட்கத் தேவையில்லை என்று சிலர் எண்ணலாம். அது சரியன்று என்பேன். இந்நோய் வயிற்றுப்போக்குடன் தொடங்கும். பிறகு காய்ச்சல், கண்ணைச் சுற்றி வீக்கம், தசைவலி ஆகியவை தோன்றும். இரத்தத்தில் ஈயோசினோஃபில் என்னும் வெள்ளணுக்கள் பெருகும். ஆனால் வேறு புழு நோய்களிலும் ஒவ்வாமையிலும் அவை பெருகுவதுண்டே! எதிர்ப்பொருள் சோதனையோ தொற்றிய முதல் இரண்டு வாரங்களில் பெரும்பாலும் எதையும் காட்டாது. தசைத் துணுக்கை எடுத்துப் பார்த்தாலும் அந்தத் துணுக்கில் புழு இல்லாமற் போகலாம்.

காலமோ காத்திராது. குடலில் உள்ள பெண் புழு சுமார் ஒரு வாரத்தில் குஞ்சு ஈனத் தொடங்கும். அவை இரத்தத்தின் வழியே தசைகளை அடையும். ஆல்பெண்டசோல், மெபெண்டசோல் மருந்துகள் குடற்புழுக்களை நன்கு அழிக்கும். தசைக்குள் குடிபுகுந்தவற்றை அழிப்பது கடினம். நோய் முற்றினால் அழற்சியைத் தணிக்க ஸ்டீராய்டு மருந்தும் தேவைப்படும்.

ஆகவே, "அண்மையில் என்ன இறைச்சி உண்டீர்கள்? நன்றாக வெந்திருந்ததா? உடன் உண்டவர்கள் யார்?" என்பதே முதல் சோதனை. கடைசிக் கேள்வி, இன்னும் நோய் வெளிப்படாதவர்களையும் காப்பாற்றக்கூடும்.

ஆனால் பன்றியையோ காட்டுப்பன்றியையோ உண்டதாகச் சொன்னதும் முகம் சுளிக்கும் மருத்துவரிடம் யார் உண்மையைச் சொல்வார்கள்? உணவைக் கொண்டு மனிதரை எடைபோடுவது பண்புக்குறைவு மட்டுமன்று, நோயறிதலுக்கும் தடையாகும். நாளை மருத்துவராக விரும்பும் மாணவர்களே, ஏளனமின்றிக் கேட்கும் பழக்கத்தை இன்றே பழகிக்கொள்ளுங்கள். நோயாளியாகச் செல்லும்போது, உண்டதை மறைக்காமல் சொல்லுங்கள்.